பழுப்பேற்றிய படம்

என் பெற்றோருக்குத் திருமணப் புகைப்படம் கிடையாது. 1977-ஆம் ஆண்டு கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அவர்கள் மணம் நடந்தது. படம் பிடிப்பதற்கென்று நகரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஊரே வரிசையாக நின்று முகம் காட்டியது. பிலிம் சுருள் முழுவதும் சுற்றிக்கொண்டுவிட்டதாக எண்ணி அவர் காமிராவின் பின்கதவைத் திறந்துவிட்டாராம். வெளிச்சம் புகுந்தது. தாலி கட்டியது, அம்மி மிதித்தது, பந்தி அமர்ந்தது எல்லாம் ஒரு நொடியில் போயின. அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகவும், என் பாட்டனார் வாங்க மறுத்துவிட்டதாகவும் வீட்டில் ஒரு கதை உண்டு. பின்பாதி உண்மையாயிராது; பாட்டனாரை நான் அறிவேன்.

தந்தையார் 2021-இல் காலமானார். சென்ற ஆண்டு அம்மா தில்லிக்கு என்னோடு இருக்க வந்தபோது, தகரப் பெட்டியில் பழைய ஆல்பம் ஒன்றும் வந்தது. கறுப்பு அட்டைப் பக்கங்கள், இடையிடையே மெல்லிய தாள், படங்களைப் பிடித்துக்கொள்ள முக்கோண மூலைக் காகிதங்கள்: இவ்விதழைப் படிப்பவர் பலரது வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். அதன் முதற்பக்கத்தில் நான்கு மூலைக் காகிதங்கள் ஒட்டப்பட்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. திருமணத்திற்கு மறுவாரம், படம் வரும் என்ற நம்பிக்கையில் தந்தையார் ஒட்டி வைத்த இடம் அது. நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அந்த இடம் காத்திருந்தது.

அதை நிரப்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. 2013-இல் திருக்கடையூரில் அவர்களுக்கு மணிவிழா நடந்தது. அறுபதாம் கல்யாணத்திலும் மாலையுண்டு, தாலியுண்டு. டிஜிட்டல் காமிராவில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் என் கணினியில் கிடந்தன. ஒன்றைத் தேர்ந்து பழைய படம்போல் ஆக்கினேன். இதற்கென்றே இப்போது செயலிகள் இருக்கின்றன. வண்ணத்தை நீக்கி, கறுப்பைச் சற்றே வெளிறச் செய்து, பழுப்பேற்றி, ஓரங்களை இருளச் செய்து, மேலே பொடிமணல் தூவினாற்போல் புள்ளிகளும் இரண்டொரு கீறலும் சேர்த்தால் போதும். காலம் அரை நூற்றாண்டில் செய்வதை விரல்நுனி அரை நிமிடத்தில் செய்துவிடும். ஒத்திகையாக முதலில் வேறொரு படத்தை மாற்றிப் பார்த்திருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்தபோது, இரண்டிலும் வலது மேல்மூலையில் ஒரே கீறல் விழுந்திருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பழுப்பு என்பதைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. படம் நிலைப்பதற்காக ஹைப்போ கரைசலில் இட்டபின் நெடுநேரம் நீரில் அலச வேண்டும். அவசரத்தில் அலசினால் எஞ்சும் ஹைப்போ, வெள்ளியை மெல்ல மெல்ல வெள்ளி சல்பைடாக மாற்றும். படம் மஞ்சளித்து மங்கும். ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து ஸ்டூடியோக்கள் அதே வெள்ளி சல்பைடைத் தாமே முறையாக உண்டாக்கிப் பழுப்பு நிறம் ஏற்றியதும் உண்டு. அழகுக்காக மட்டுமன்று, அப்படிச் செய்த படம் நெடுநாள் உழைக்கும் என்பதற்காகவும். ஒரே பொருள், ஒன்றில் அலட்சியத்தின் தழும்பு, மற்றொன்றில் அக்கறையின் அடையாளம். எழுபதுகளில் நன்றாக அலசி உலர்த்திய படங்களோ இன்றும் கறுப்பும் வெள்ளையுமாகவே இருக்கின்றன. அந்த நாளில் உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' என்ற பெயரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிறம் மாறி வருத்துபவை அதற்குப் பின் வந்த வண்ணப் படங்களே. அவற்றில் பலவற்றில் நீலம் கலந்த சாயம் முதலில் மங்கிவிடுவதால், முகமெல்லாம் செம்மை படர்ந்து நிற்கின்றன.

இதெல்லாம் அறியாமலே அம்மா என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார். படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"இது ஏண்டா இப்படிப் பழுத்துக் கிடக்கு? நம்ம ஆல்பத்துல ஒண்ணும் இப்படி இல்லையே."

கல்யாணப் படம்போல் இருக்கட்டுமே என்று செய்ததாகச் சொன்னேன்.

"கல்யாணத்தன்னிக்கு உங்கப்பாவுக்கு ஏது இந்த நரை?" என்று சிரித்தார். தாளுக்கு வயதேற்ற முடிந்த எனக்கு, முகங்களின் வயதைக் குறைக்க முடியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நானும் சிரித்தேன்.

பிறகு அவர் குரல் மாறியது. "புடவை நிறத்தை எடுத்துட்டியே!"

மணிவிழாவுக்குத் தந்தையார் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது அரக்கு நிறப் புடவை. இளையவர்களுக்கு உரிய நிறமாயிற்றே என்று உறவினர் சிலர் முகம் சுளித்தது எனக்கு நினைவிருக்கிறது. 1977-இல் அம்மா உடுத்திய கூறைப்புடவையின் நிறம் அது. படம் கருகிப்போனதால் அதையாவது மறுபடி கொண்டுவருவேன் என்று அவர் தேடி வாங்கினாராம். அந்தப் புடவை கிழிந்து எத்தனையோ காலமாயிற்று. அதன் நிறம் அவர்கள் இருவர் நினைவில் மட்டுமே இருந்தது. இப்போது ஒருவர் நினைவில்.

இல்லாத திருமணப் படத்துக்குச் சாட்சியாக எஞ்சியிருந்தது அந்த ஒரு நிறம். அதைத்தான் நான் முதல் வேலையாக அழித்திருந்தேன். அலுவலகத்தில் கோப்பில் ஒரு தேதியைத் திருத்தினால்கூடச் சுருக்கொப்பம் இட்டுத் திருத்துபவன் நான்.

மறுநாள் மாலை கடைக்குச் சென்று மூலப்படத்தை வண்ணத்திலேயே அச்சிட்டு வந்தேன். ஆல்பத்தின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. அம்மா கத்தரி கேட்டார். மாலையின் ஓரம் சிறிது போயிற்று, புடவை போகவில்லை. பின்புறம் 'திருக்கடையூர், 2013' என்று பென்சிலில் எழுதித் தந்தேன். நான்கு மூலைக் காகிதங்களில் ஒன்று பசை விட்டிருந்தது. அதை மீண்டும் ஒட்டிக் காயும்வரை அம்மா கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.