வண்டி இழுக்கலையா? டர்போவைத் திட்டுவதற்கு முன்...

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் பெரிய ஏற்றம் கிடையாது. மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் டர்போ வைத்த காரில் கோளாறு வந்தால்கூட பல நாட்கள் வெளியே தெரியாது. சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் கம்பி லோடு ஏற்றிப் போகும் டிரெய்லரை முந்தப் பார்க்கும் அன்றுதான் தெரியும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் வண்டி எழும்பாது. பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடிக்கும். டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். மறுநாள் காலை மெக்கானிக் கடையில் போய் நின்றால் பல இடங்களில் ஒரே தீர்ப்புதான்: "டர்போ போச்சுண்ணா!"

இந்தத் தீர்ப்பு சில நேரம் சரி. பல நேரம் அவசரப்பட்டுச் சொன்னது. புது டர்போ மாற்ற பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். உண்மையான கோளாறு சில நூறு ரூபாய் ரப்பர் ஹோஸில் இருக்கலாம். எப்படி என்று பார்ப்பதற்கு முன் கொஞ்சம் ஊர்க் கதை.

திருவள்ளூரும் டர்போவும்

டர்போ கார் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவள்ளூர் அருகே இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில்தான் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அந்த லான்சரில் டர்போ கிடையாது, டீசல் மாடலில் கூட இல்லை. அதே தொழிற்சாலையில் பிறகு பூட்டப்பட்ட பஜேரோ, டர்போ டீசல். 2012-ல் வந்த பஜேரோ ஸ்போர்ட்டின் 2.5 லிட்டர் இன்ஜினில் இருந்ததோ, இதழ்கள் திரும்பும் வகை டர்போ. 178 குதிரைத் திறன். 2013-ல் இசுசுவும் தன் வண்டிகளை இங்கே பூட்டித் தர ஒப்பந்தம் போட்டது. 2016-ல் அவர்களுக்கு கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை வந்துவிட்டது.

அதன் பிறகு திருவள்ளூருக்கு வந்தது சிட்ரோயன். 2021-ல் சி5 ஏர்கிராஸ் டீசல், 2022-ல் சி3. சி3-யின் டர்போ மாடல் 1.2 லிட்டர், மூன்றே சிலிண்டர், ஆனால் 110 குதிரைத் திறன். டர்போ இல்லாத அதே 1.2 லிட்டர் இன்ஜின் கொடுப்பது 82 தான். இந்த 28 குதிரைகள் எங்கிருந்து வந்தன? அதுதான் பூஸ்ட்.

பூஸ்ட் என்றால் என்ன?

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை சும்மா வீணாகத்தான் போகிறது. அது போகும் வழியில் ஒரு சக்கரத்தை வைத்துச் சுழற்றினால்? அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்து, அதனால் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணித்தால்? 1905-ல் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை வாங்கிய யோசனை இது. சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் கூடுதலாகத் திணிக்கும் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். காரில் உள்ள சின்ன டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

இங்கே ஒரு சிக்கல். புகை அதிகமானால் டர்போ வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் காற்று அதிகம். காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகம், அதனால் புகை இன்னும் அதிகம்! கடிவாளம் இல்லாவிட்டால் இன்ஜின் தன்னையே உடைத்துக்கொள்ளும். அந்தக் கடிவாளம்தான் பூஸ்ட் கன்ட்ரோல். "டர்போ கோளாறு" என்று வரும் வண்டிகள் பலவற்றில் டர்போ நன்றாகவே இருக்கும், கடிவாளம்தான் கெட்டிருக்கும்.

கடிவாளம் இரண்டு வகை

பெட்ரோல் டர்போவில் பழகிய முறை வேஸ்ட்கேட். டர்போவின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. ஸ்பிரிங் அதை மூடிப் பிடித்திருக்கும். பூஸ்ட் அழுத்தம் ஒரு சின்ன ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டருக்குப் போய், ஸ்பிரிங்கை எதிர்த்துக் கதவைத் திறக்கும். புகை சக்கரத்தைத் தொடாமல் வெளியே போய்விடும். இடையில் உள்ள சோலினாய்டு வால்வு, இசியு சொல்கிறபடி அந்த அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டு, கதவு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும்.

டீசலில் பெரும்பாலும் இதழ்கள் திரும்பும் டர்போ. சக்கரத்தைச் சுற்றி வட்டமாக இதழ்கள் இருக்கும். அவை நெருங்கினால் பூஸ்ட் கூடும், விரிந்தால் குறையும். பல வண்டிகளில் இதழ்களை இழுப்பது வேக்குவம். அந்த வேக்குவத்தைத் தருவது இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்ப்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் வண்டியில் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ் கழன்றால் கதவு திறக்காது, பூஸ்ட் எகிறும். டீசலில் வேக்குவம் ஹோஸ் கழன்றால் இதழ்கள் விரிந்தே இருக்கும், பூஸ்ட் வராது. பார்க்க ஒரே மாதிரியான ஹோஸ், ஒரே மாதிரியான தவறு, விளைவு நேர் எதிர்! (சில பெட்ரோல் வண்டிகளில் வேஸ்ட்கேட்டே வேக்குவத்திலோ மின் மோட்டாரிலோ இயங்கும்.) ஆகவே தன் வண்டியில் எந்த வகை என்று தெரியாமல் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போலத்தான்.

நஷ்டம் யாருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வண்டி ஓட்டுபவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டீசல் எஸ்யூவி, வாங்கியது ஃபைனான்ஸில். ஷிஃப்ட் நேரத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு, மூன்று நாள் நின்றால் ஒப்பந்தமே போகலாம். இன்ஜின் விளக்கு எரிந்ததும் அவர் டர்போ மாற்றச் சம்மதிப்பது அறியாமையால் அல்ல, அவசரத்தால். கடன் வாங்கி மாற்றுகிறார். அதே வாரத்தில் விளக்கு மறுபடி எரிகிறது. ஏனென்றால் பேட்டரிக்குப் பின்னால் எலி கடித்த வேக்குவம் ஹோஸ் அப்படியேதான் இருக்கிறது!

எலி சமாசாரம் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. வயல் ஓரம் இரவில் நிறுத்தும் வண்டிக்குள் எலி புகுவது சாதாரணம். சூடான இன்ஜின், மெல்லிய ரப்பர், வேறென்ன வேண்டும்?

எந்த வரிசையில் தேடுவது?

செலவில்லாததில் தொடங்கி செலவானதில் முடிப்பதுதான் சரியான வரிசை.

1. ஸ்கேனரில் கோடு பாருங்கள். பி0299 என்றால் பூஸ்ட் குறைவு, பி0234 என்றால் பூஸ்ட் அதிகம். இவை நோயின் பெயர் அல்ல, அறிகுறியின் பெயர். "காய்ச்சல்" என்பதுபோல. கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்றுதான் பி0299 சொல்கிறது, டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, இசியு கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள்.

2. சென்சார் உண்மை சொல்கிறதா? சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சார் அளவைப் பாருங்கள். திருவள்ளூர் கடல் மட்டத்துக்குப் பக்கம், அதனால் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். (ஊட்டியில் 80-க்கும் கீழே காட்டும், அது அந்த உயரத்துக்குச் சரி.) இங்கே நின்றுகொண்டு 85 என்றோ 115 என்றோ காட்டினால் சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகப்படலாம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது.

3. ஏர் ஃபில்டர். உருக்காலைத் தூசியிலும் மண் லாரிகள் போகும் சாலையிலும் ஓடும் வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. மூக்கை அடைத்துக்கொண்டு ஓடச் சொன்னால் யாரால் ஓட முடியும்?

4. காற்றுக் கசிவு. டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் வரை உள்ள பெரிய ஹோஸ்கள், கிளாம்புகள். மிதிக்கும்போது புஸ் என்று சத்தம், டீசலில் கரும்புகை, ஹோஸ் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு... இவையெல்லாம் கசிவின் அடையாளங்கள். உறுதி செய்ய பஞ்சர் கடை வித்தையே போதும். இன்ஜினை நிறுத்தி, காற்று உள்ளே வரும் வாயை அடைத்து, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் குறைந்த அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கொப்பளிக்கும் இடம் ஓட்டை. டயருக்கு அடிப்பதுபோல அடித்தால் இன்ஜின் சீல்கள் போய்விடும், ஜாக்கிரதை.

5. சின்ன ஹோஸ்கள். ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அடிப்பக்க விரிசல் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

6. ஆக்சுவேட்டர். டீசலில் கை வேக்குவம் பம்பைப் பொருத்தி இழுத்தால் ராடு சீராக நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். முள் தானாக இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் திரை கிழிந்திருக்கிறது. ராடு நடுவில் சிக்கிச் சிக்கி வந்தால் இதழ்களில் கரி படிந்திருக்கலாம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது, மறுபடி ஹைவேல வந்துடுது" என்ற புகாருக்கு அடிக்கடி காரணம் இந்தக் கரிதான். நெரிசலில் மெதுவாகவே ஓடும் டீசலில் கரி சீக்கிரம் படியும்.

7. சோலினாய்டு. சில டீசல் வண்டிகளில் இஜிஆருக்கும் டர்போவுக்கும் ஒரே மாதிரி சோலினாய்டு இருக்கும். இரண்டையும் மாற்றிப் பொருத்தி ஓட்டினால் கோளாறும் இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

8. புகை வெளியேறும் வழி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ டீசல் புகை வடிகட்டியோ அடைத்திருந்தால் டர்போ சுற்ற வழியே இல்லை.

இத்தனையும் முடிந்த பிறகுதான் டர்போ. தண்டு அளவுக்கு மேல் ஆடுகிறதா, இறக்கைகள் உடைந்திருக்கின்றனவா, எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டர்போ உண்மையிலேயே கெட்டிருந்தாலும் வேலை முடியவில்லை. ஏன் கெட்டது? ஆயில் வரும் சின்னக் குழாய் அடைத்திருந்தால், புதிதாகப் போடும் டர்போவும் அதே வழியில் போகும்.

பூஸ்ட் கூடினால் சந்தோஷமா?

பூஸ்ட் குறைந்தால் பர்ஸுக்கு அடி, கூடினால் இன்ஜினுக்கே அடி. திடீரென்று வண்டி பறக்கிறதே என்று சந்தோஷப்படும் நேரத்தில்தான் பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் தொடங்கி பிஸ்டன் ஓட்டையாகலாம். நல்லவேளையாக இசியு அதற்கு முன் பவரைக் குறைத்து லிம்ப் மோடுக்குப் போக முயலும். அதைத் தடை என்று நினைத்து சென்சாரை ஏமாற்றும் பெட்டி பொருத்துகிறவர்கள் உண்டு. வீட்டில் ஃபியூஸ் போகிறது என்று கம்பியைச் சுற்றி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

பழி டர்போ மேல் விழுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். நாக்கிங் வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். தொட்டி காலியானால் பூஸ்ட்டைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றும் ஏற்பாடும் இருந்தது. நிறைய பேர் தொட்டியை நிரப்பவில்லை. வண்டி இழுக்கவில்லை என்று புகார் வந்தது. கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள். தொட்டி காலி, தண்டனை டர்போவுக்கு!

காதும் ஸ்கேனரும்

இன்று மெக்கானிக்குகள் இரண்டு விதமாக இருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடும் மூத்தவர்கள், ஸ்கேனரில் வருவதை அப்படியே படிக்கும் இளையவர்கள். புஸ் சத்தத்தைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும், கேட்டதும் வந்ததும் எவ்வளவு என்று அறிய ஸ்கேனர் வேண்டும். ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னால் அது ஊகம்தான். மூத்தவர்களிடம் டேட்டா படிக்கவும், ஐடிஐ முடித்து வரும் பையன்களிடம் ஹோஸைத் தடவிப் பார்க்கவும் பழக்கினால் இந்தப் பகுதியில் எத்தனையோ வண்டிகள் தேவையில்லாமல் டர்போ மாற்றாமல் தப்பிக்கும்.

அதுவரை வண்டிக்காரர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. "டர்போ போச்சு" என்று சொன்னதும் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்காமல், "வேற எதெல்லாம் செக் பண்ணீங்க?" என்று கேளுங்கள். கசிவு பார்த்தோம், ராடு பார்த்தோம், சென்சார் பார்த்தோம் என்று வரிசையாகப் பதில் வந்தால் நம்பி வண்டியை விடலாம். "பாத்தாலே தெரியுது சார்" என்றால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடையில் இன்னொரு முறை காட்டுவது நல்லது.