யாருடைய நேற்று?

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிரிவுபசார விழா என்றால் கடைசியில் போடுவது ஒரே பாட்டுதான். 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய, பசுமை நிறைந்த நினைவுகளைச் சொல்லும் கல்லூரிப் பிரிவுப் பாட்டு. எங்கள் கோவில்பட்டியில் பசுமை என்பது ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் தை வரை. மற்ற மாசங்களில் கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்தப் பசுமையை நினைத்துத்தான் மைக் முன்னால் பையன்களுக்குத் தொண்டை அடைக்கும். பாதிப் பேர் வீட்டில் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர்களே கிடையாது.

சினிமா நமக்குத் தந்த நேற்றெல்லாம் கொஞ்சம் வசதிப்பட்டவர்களுடையது. 'உயர்ந்த மனிதன்' (1968) படத்தில் வாலியின் வரிகளில் பள்ளி நாட்களை நினைத்து ஏங்குகிறவர் பெரிய பணக்காரர். 2004இன் 'ஆட்டோகிராப்' நாயகன் ஊரைவிட்டுப் போய் நிலைத்தபிறகு, கல்யாணப் பத்திரிகையோடு திரும்பி வருகிறான். ஏங்குவதற்கும் ஒரு தூரம் வேண்டியிருக்கிறது. உள்ளூரிலேயே கிடந்து மழைக்கு வானம் பார்த்தவனுக்கு நேற்றென்ன, இன்றென்ன.

எங்கள் ஊருக்கென்று சொந்தமாக ஒரு நேற்றும் உண்டு. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்தது கோவில்பட்டியில்தான். 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டி போடுவதைக் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். 1964இல், நாற்பது சொச்சம் வயதில் போய்விட்டார். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அப்போதெல்லாம் கல்யாண வீட்டில் விடியுமுன்னே ரேடியோ செட்காரர் குழாயில் போட்டது அவருடைய இசைத்தட்டைத்தான். நாயனத்துக்கு வார்த்தை கிடையாது. அந்தக் காலம் போச்சே என்று அது புலம்புவதில்லை. எனக்கு அதனாலேயே அதன்மேல் கூடுதல் பிரியம்.

குழாய் பாடுகிற அதே இருட்டில்தான் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸும் வரும். எண்பதுகளில் கிராமம் கிராமமாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். தூக்குச்சட்டியில் கம்மங்கூழ், பின்னலில் நேற்றைய கனகாம்பரம். போனதும் கட்டை அடுக்க வேண்டும். குச்சியை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் காடியில் பதிக்கிற வேலை அது. கண் எங்கோ இருக்க, விரல் தன்பாட்டுக்குப் போகும். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. தலைக்குமேல் ரேடியோவில் இலங்கை வானொலி. எங்கள் பக்கம் அது சென்னை நிலையத்தைவிடத் துல்லியமாகக் கேட்கும்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறை அடுக்கி முடித்துவிட்டது.

அவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி, அந்தக் காலத்துப் பாட்டு டிவியில் வந்தால் உலையை மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். "அந்த நாளு வருமா தம்பி?" என்பாள். "அப்ப பேத்தியையும் கட்டை அடுக்க அனுப்புவீகளாக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வாயக் கழுவு" என்றாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். வரிசையாக உட்கார்ந்து கூடவே முணுமுணுத்த சேக்காளிகளை அவள் தேடுகிறாள். கணக்குப்பிள்ளை கழித்துவிட்ட கட்டைகளையும் அவள் மறக்கவில்லை. பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்த எழுத்தாளர் பூமணி தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம் பூக்கள்' என்று ஒரு படமே எடுத்தார். பழைய நினைவுகளைக் கொண்டாடுகிற எந்த நிகழ்ச்சியிலும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் அம்மாவோ அத்தையோ தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்களாக இருந்தால், ரேடியோவில் என்ன பாட்டு ஓடியது, கட்டைக்கு என்ன கூலி கிடைத்தது என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டை மட்டும் கேட்டால் சிரித்துக்கொண்டே பாதியைத்தான் சொல்வார்கள்.