பழைய காரும் இரண்டு கையெழுத்தும்

கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில் பழைய கார் வாங்க ஷோரூம் எல்லாம் தேட வேண்டியதில்லை. டீக்கடையில் யாராவது "அந்த அண்ணன்கிட்ட மாருதி 800 ஒண்ணு இருக்காம்" என்பார். அதுதான் விளம்பரம். விற்பவரும் தெரிந்தவர், வாங்குபவரும் தெரிந்தவர். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது!

வண்டியைப் பார்ப்பதில் ஊர்க்காரர்கள் கெட்டிதான். மழை ஊர் என்பதால் முதலில் மிதியடியைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சின் சூடாகும் முன் காலையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். பிறகு நடுவட்டம் மேட்டில் ஒரு ஓட்டு. கிளட்ச் வாடை, ஏறும் டெம்பரேச்சர் முள், இறக்கத்தில் பிரேக்... சமதளத்தில் ஒளிந்திருப்பதெல்லாம் மலையில் வெளியே வந்துவிடும்.

காகிதம் என்று வந்தால் மட்டும் அத்தனை கறாரும் போய்விடும். பணம் கைமாறும், சாவி கைமாறும். "ஆர்.சி.யை அப்புறம் மாத்திக்கலாம் தம்பி, நாம என்ன வேத்தாளா?" "சரிண்ணே." அந்த அப்புறம் வருவதே இல்லை.

சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் படிவம் 29 தர வேண்டும். வாங்கியவர் 30 நாளில் படிவம் 30 தர வேண்டும். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள். வயநாடு பக்கத்திலேயே இருப்பதால் கேரள நம்பர் வண்டிகளும் வரும். அதற்குப் படிவம் 28, தடையில்லாச் சான்று வேண்டும். பழைய கடன் ஆர்.சி.யில் நின்றால் படிவம் 35. பதிவாகி 15 வருடம் தாண்டிய வண்டியா? ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்றும் பார்க்க வேண்டும்.

இது வாங்குபவர் தலைவலி என்றுதான் விற்றவர் நினைக்கிறார். இல்லை! பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற பதில் செல்லவில்லை. இன்சூரன்ஸும் காலாவதியாகி இருந்தால்? வண்டி விற்ற காசைப் போல பல மடங்கு, தோட்டத்தை விற்றுக் கட்ட வேண்டி வரலாம்.

தெரிந்தவர்களிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாளைக்கும் அதே டீக்கடையில் இருவரும் பக்கத்தில் உட்கார வேண்டுமே. அதற்காகவாவது, சாவி கொடுக்கும் முன் கையெழுத்து!