துயருற்ற இல்லங்களில் கிறிஸ்து பிறப்பு விழா

விழா நாள் என்றால் மகிழ்ச்சி நாள் என்பது உலக வழக்கு. எல்லா இல்லங்களிலும் அது அவ்வாறு அமைவதில்லை என்பதைப் பங்குப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஈடுபட்டிருக்கும் நாம் நன்கறிவோம். டிசம்பர் பிறந்ததும் ஆலய முகப்பில் நட்சத்திரம் ஏற்றப்படுகின்றது. இளைஞர்கள் குடில் அமைக்க மூங்கிலும் வைக்கோலும் தேடுகின்றனர். பெங்களூரிலும் திருப்பூரிலும் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் எந்தப் பேருந்தில் வருவார்கள் என்று தாய்மார் விசாரிக்கின்றனர். அதே நாட்களில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, இந்தப் பண்டிகை எப்போது கழியும் என்று எண்ணிக்கொண்டிருப்போரும் நம் பங்குகளில் இருக்கின்றனர். அவர்களைக் குறித்தே சில எண்ணங்களை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் தருமபுரிச் சீமை மானாவாரி நிலத்தை நம்பி வாழும் சீமை. மழை பொய்த்தால் ராகியும் இல்லை, கடலையும் இல்லை. சில வேளை மழையே துன்பமாக வந்துவிடும். 2024 ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1 ஆம் நாள் வந்தது. ஃபெஞ்சல் புயலின் மழை அன்றுதான் நம்மீது கொட்டியது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் அரூரில் 33 செ.மீ., அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அவ்வாண்டு பலர் திருவருகைக் காலத்தைச் சேறு வாரும் வேலையோடு தொடங்கினர்.

வெள்ளம் வடிந்துவிடும், கடன் எளிதில் வடிவதில்லை. பிள்ளைகளுக்குப் புத்தாடை, மணமான மகளுக்குச் சீர், விருந்தினருக்குப் பிரியாணி என்று பண்டிகைச் செலவு ஏறிக்கொண்டே போக, குழுக் கடனின் வாரத் தவணையும் அதே வாரத்தில் வாசலில் வந்து நிற்கின்றது. குடும்பத் தலைவனின் முகம் வாடுவதும், கணவன் மனைவியரிடையே வாய்ச்சண்டை மூள்வதும் பெரும்பாலும் இந்த நாட்களிலேதான்.

இவையெல்லாவற்றினும் கொடியது, பிரிந்தவரின் இடம் வெறுமையாய்க் கிடக்கும் முதற் பண்டிகை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் ஒரு தாய் இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன், கிறிஸ்து பிறப்பு விடுமுறை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்புகையில், தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்தான். அடுத்த டிசம்பரில் வீடு வீடாகச் சென்று பாடும் நம் இளைஞர் குழு அந்த வீட்டை மட்டும் விட்டுச் சென்றது. துக்க வீட்டில் மத்தளத்தோடு நுழைவது முறையன்று என்பதே அவர்களுடைய எண்ணம். அதில் தீங்கேதும் இல்லை. சில நாட்கள் கழித்து, மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டு அந்த அம்மாள் பங்கு இல்லத்திற்கு வந்தார். புறப்படும்போது, “சாமி, நட்சத்திரம் கட்ட வேண்டாம் என்று சொன்னது நான்தான். என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லையே” என்றார்.

மறுநாள் இரவு இளைஞர்கள் அங்கே சென்றனர். நாமும் உடன் சென்றோம். மத்தளம் இல்லை, கிறிஸ்துமஸ் தாத்தா வேடமும் இல்லை. திண்ணையில் அமர்ந்து செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். மகன் சிறுவயதில் விரும்பிப் பாடிய பாட்டொன்றை அவரே கேட்டார், பாடினார்கள். அவர் அழுதார், பாடியவர்களும் அழுதனர். பிறகு சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவ்வாண்டு அவர் புத்தாடை உடுத்தவில்லை. ஆயினும் நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடாமை நம் நாட்டு மரபு. துயருற்றவர் சிரித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தாத நல்ல மரபு இது. ஆனால் கொண்டாட்டம் வேண்டாம் என்போரை மனிதரே வேண்டாம் என்பதாக எண்ணி நாம் ஒதுக்கிவிடும்போது, மரபு தண்டனையாகிவிடுகின்றது.

திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டியைக் கவனியுங்கள். பாலன் பிறந்த மறுநாளே, டிசம்பர் 26 இல், கல்லெறிந்து கொல்லப்பட்ட புனித ஸ்தேவானை நினைவுகூர்கிறோம். 28 ஆம் நாள், ஏரோதன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பெத்லகேமின் மகிழ்ச்சியைச் சொல்லும் அதே மத்தேயு, ஆறுதல் பெற மறுத்துப் புலம்பிய தாய்மாரையும் தம் நற்செய்தியில் விட்டுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, திருக்குடும்பத் திருவிழாவான ஞாயிறு காலையில், வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஆழிப்பேரலை திருப்பயணிகளை வாரிச் சென்றதைத் தமிழகம் மறக்கவில்லை. உறவினரை அங்கே இழந்தோருக்கு ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாளும் நினைவு நாளாகும். விழாவும் கண்ணீரும் ஒரே வாரத்தில் அருகருகே நிற்பது திருச்சபைக்குப் புதிதன்று.

மேலை நாடுகளில் சில ஆலயங்கள், ஆண்டின் மிக நீண்ட இரவாகிய டிசம்பர் 21 ஐ ஒட்டி, துயருற்றோருக்கென்றே தனி வழிபாடு நடத்துகின்றன. நாட்காட்டி திருத்தப்பட்ட 1969 ஆம் ஆண்டு வரை டிசம்பர் 21 நம் தோமையாரின் திருநாளாக இருந்தது. பின்னரே அது ஜூலை 3 க்கு மாற்றப்பட்டது. உயிர்த்த ஆண்டவரைக் கண்டு மற்றச் சீடர்கள் அகமகிழ்ந்தபோது, அம்மகிழ்ச்சியில் பங்குகொள்ள இயலாமல் எட்டு நாட்கள் தவித்தவர் தோமையார். மற்றவர்கள் அவரை வெளியே தள்ளிவிடவில்லை. எட்டாம் நாள் அவரும் அவர்களோடு வீட்டுக்குள் இருந்தார். ஆண்டவர் அங்கே வந்தார். மகிழ இயலாதவரையும் தம் நடுவில் வைத்திருந்த அச்சீடர்களைப்போல் நம் அன்பியங்களும் இருக்கவேண்டாமா?

இனிச் சில நடைமுறை வழிகள். முதலாவது, துயருற்ற வீட்டுக்குச் செல்லுங்கள். அறிவுரை கூறச் செல்லாதீர்கள். குருமடத்தில் மறையுரை ஆற்றக் கற்றோம். துக்க வீட்டில் வாய்மூடி அமர்ந்திருக்க நம் பங்கு மக்களிடமே கற்றோம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். இலாசரை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் அவன் கல்லறையருகே கண்ணீர் விட்டார்.

இரண்டாவது, பண்டிகைக்காகக் கடன் வாங்காதீர்கள். கையிலுள்ளது எவ்வளவு என்று கணவனும் மனைவியும் டிசம்பர் தொடக்கத்திலேயே உட்கார்ந்து கணக்கிட்டு, பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய ஆடையைத் துவைத்து உடுத்தி வருபவரை பாலன் இயேசு தள்ளமாட்டார். பங்கு மக்களும் ஏளனமாகப் பார்க்கலாகாது.

மூன்றாவது, சோகம் வேறு, நோய் வேறு என்று அறியுங்கள். இழப்பினால் வரும் சோகம் அன்பின் மறுபக்கம். ஆனால் இரண்டு வாரத்திற்கு மேலாக உறக்கமும் உணவும் அற்று, எதிலும் நாட்டமின்றி, நான் இருந்து என்ன பயன் என்று ஒருவர் பேசுவாரானால், செபிப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவியின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கும் ஒரு சொல். அத்தகையோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த 1917 ஆம் ஆண்டின் சட்டம் இன்று இல்லை. 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அவ்விலக்கை நீக்கிவிட்டது. கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992 இல் வெளியான மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. ஆதலால் அக்குடும்பத்தார் தலைகுனிந்து ஒதுங்கவேண்டியதில்லை. ஊராரும் அவர்களை ஒதுக்கலாகாது.

அன்பர்களே, இவ்வாண்டு உங்கள் தெருவில் எந்த வீட்டில் நட்சத்திரம் எரியவில்லை என்று பாருங்கள். அவ்வீட்டுக்கு விழாவிற்கு முன்னரே ஒருமுறை சென்று வாருங்கள். சத்திரத்தில் இடம் பெறாமல் மாட்டுத் தொழுவில் பிறந்த பாலன், அவ்வில்லத்தாருக்கும் உங்களுக்கும் தம் சமாதானத்தை அருள்வாராக.