மரை கழண்ட கதை

'அவனுக்கு மரை கழண்டு போச்சு' என்று யாரையாவது நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் நிஜமாகவே மரை கழண்ட கேஸ். தலையில் இல்லை, சித்தப்பாவின் பைக்கில்.

திருவேங்கடம் என்றதும் திருப்பதியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது சங்கரன்கோவில் பக்கம், கரிசல் காட்டில் இருக்கிற திருவேங்கடம். அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் இருந்து தென்காசி மாவட்டம். சித்தப்பா அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். (அந்தப் பக்கம் தொழிற்சாலையைக்கூட 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்.) அவரிடம் ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பொட்டு வைப்பார். கல்லூரி லீவுக்குப் போயிருந்த நான், "ஆயில் மாத்தணும், மெக்கானிக்குக்கு எதுக்கு தண்டச் செலவு, நானே மாத்துறேன்" என்றேன். "உனக்குத் தெரியுமால?" என்றார். "இஞ்சினீயரிங் படிக்கேன் சித்தப்பா!" என்றேன். இந்தப் பதிலால் நாட்டில் எத்தனை மிக்ஸி, எத்தனை ஃபேன் வீணாகியிருக்கிறது தெரியுமா?

ஆயில் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. வண்டியை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கணும். எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் கறுப்பாய்ப் பழசு ஒழுகிவிடும். போல்ட்டை மாட்டி, மேலே புதுசை ஊற்ற வேண்டியது. அவ்வளவுதான். ஆனால் அந்த போல்ட் அசையவே மறுத்தது. முன்னால் மாட்டிய யாரோ ஒரு பலசாலி அதை இறுக்கியிருந்தார். ஸ்பேனரில் ரெண்டடிக் குழாயைச் செருகி, ஏறி மிதித்துத்தான் கழற்றினேன்.

தப்பு கழற்றியதில் இல்லை. மாட்டியதில். இவ்வளவு இறுக்கமாக இருந்தது என்றால் இவ்வளவு இறுக்கினால்தான் ஒழுகாது போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடியும் அதே குழாய். கடைசி ஒரு அழுத்து... திடீரென்று கை லேசாகிவிட்டது. மழை பெய்த கரிசலில் கடப்பாரை இறங்குமே, அந்த மாதிரி. போல்ட் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்று பிற்பாடுதான் புரிந்தது. போல்ட் இரும்பு. எஞ்சின் கூடு அலுமினியம். இரண்டும் சண்டை போட்டால் மெத்தென்று இருப்பதுதான் தோற்கும். போல்ட்டின் மரை அலுமினியத்தின் மரையைச் சீவி எடுத்துவிடும். மரையின் எல்லாச் சுற்றும் சுமையைச் சமமாகத் தாங்குவதும் இல்லை. தலைக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் சுற்று மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும். அது போனால் அடுத்தது, அதுவும் போனால் அதற்கடுத்தது. வரிசையாகச் சாயும்.

சரி, எவ்வளவு இறுக்கணும்? இந்த மாதிரிச் சின்ன பைக்குகளுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர். பயப்படாதீர்கள். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வருகிற இறுக்கம், அவ்வளவே. நான் ரெண்டடிக் குழாயில் முப்பது கிலோ எடையைப் போட்டிருந்தால்கூட அது ஏழு மடங்கு. ஆயில் ஒழுகாமல் காப்பது நம் பலம் இல்லை, நடுவில் இருக்கிற மெல்லிய வாஷர். சில ரூபாய்தான். அதை நான் மாற்றவே இல்லை.

அடுத்து, ரெண்டாவது தப்பு. இரும்புக் கடைக்கு ஓடிப்போய் அதே பருமனில் இன்னொரு போல்ட் வாங்கி வந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. ஆனால் 12 மில்லிமீட்டர் சாதாரண போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.75 மில்லிமீட்டர், வண்டியில் இருந்தது 1.5. கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஓட்டைக்குத் தெரியும். ஒரு சுற்று போய் முரண்டு பிடித்ததை வம்படியாகத் திருகினேன். மிச்சமிருந்த மரையும் காலி.

இந்த அளவுப் பிரச்னை நம்ம ஊர் ஓட்டையோடு நிற்கிற சமாசாரம் இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு வேறு. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்பவர் ஊர்ப்பட்ட பட்டறைகளில் போல்ட்டுகளைச் சேர்த்து, சராசரி பார்த்து, 1841-ல் ஒரு பொது அளவு சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி என்றார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரிதான் வசதி என்றார். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, வாஷிங்டனில் இருந்தும் நியூயார்க்கில் இருந்தும் தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்தன. வந்தவர்களில் பலருடைய குழாய்கள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாயில் மாட்டவில்லை. மரை வேறு! முப்பது மணி நேரம் எரிந்து, 1500-க்கு மேல் கட்டடங்கள் சாம்பலாயின.

மூன்றாவது தப்பைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பழைய போல்ட்டில் பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றினேன். குழாய் ஒழுகினால் வைப்பார்களே, ரெண்டு கலரைப் பிசைந்து ஒட்டுகிற பசை, அதைச் சுற்றிலும் அப்பினேன். மேலே கிரீஸைத் தடவி மறைத்தேன். "முடிஞ்சுதால?" என்று கேட்ட சித்தப்பாவிடம், "பக்கா!" என்றேன். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் ரூபாய் நாணய அளவுக்கு ஒரு கறை. யாரும் பார்ப்பதற்குள் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மரையைக் கெடுத்தது கை செய்த தப்பு. மண்ணைத் தள்ளியது தெரிந்தே செய்தது.

மூன்றாம் நாள் சித்தப்பா சித்தியை ஏற்றிக்கொண்டு கழுகுமலைக் கோயிலுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று கை வேறு ஆட்டினேன். வழியில் எங்கேயோ அதிர்ச்சியில் போல்ட் விழுந்துவிட்டது. அந்த எஞ்சினுக்கு மொத்த ரத்தமே ஒரு லிட்டர்தான். கியருக்கும் கிளட்சுக்கும்கூட அதே ஆயில்தான். அது வடிந்ததும் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. எஞ்சின் நின்றால் செயின் நிற்கும், செயின் நின்றால் பின் சக்கரம் நிற்கும். சித்தப்பா கிளட்ச்சைப் பிடிப்பதற்குள் வண்டி சறுக்கி, ரெண்டு பேரும் ரோட்டோரக் கரிசலில் விழுந்தார்கள். சித்தப்பாவுக்கு முட்டியில் சிராய்ப்பு. சித்திக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால்? இந்தக் கேள்வி ராத்திரிகளில் இப்போதும் வரும்.

வண்டியை மெக்கானிக் அண்ணாச்சி ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். அவர் கீழே குனிந்து பார்த்தார். ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த பசையை நகத்தால் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை.

"மரை போறது எல்லார்ட்டயும் நடக்கும் தம்பி. எங்கிட்டயும் போயிருக்கு. ஆனா போனா சொல்லிரணும். சொன்னா சில நூறு ரூவாயில முடியும். சொல்லலைன்னா எஞ்சின் போயிரும்."

போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, பல ஆயிரம் ஆனது. எஞ்சின் கூட்டைக் கோவில்பட்டி லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புதுசாக மரை வெட்டி, உள்ளே ஸ்பிரிங் மாதிரி ஒரு எவர்சில்வர் கம்பிச் சுருளை ஏற்றினார்கள். ஹெலிகாயில் என்று பெயர். விமான எஞ்சின்களிலும் இருப்பதுதான். இனி போல்ட் உரசுவது அலுமினியத்தில் இல்லை, எவர்சில்வரில். "பழசைவிட இது கெட்டி" என்றார் அண்ணாச்சி. உடைந்த இடம் முன்னைவிடக் கெட்டியாகும் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப், பசை, மண்ணைத் தள்ளியது வரைக்கும். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சித்திட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஆயில் மாற்றும் சமயம் வந்தபோது ஸ்பேனரை என் கையில் கொடுத்தவர் சித்தப்பா. "நீயே மாத்துல" என்றார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த மாதிரி செய்தேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். வாஷர் புதுசு. முதல் மூன்று நாலு சுற்று வெறும் விரலால். விரலுக்கு வராவிட்டால் ஸ்பேனரைத் தொடாதீர்கள், கழற்றி மறுபடி வையுங்கள். ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் தலைப்பக்கம் பிடித்து, வாஷர் அமுங்குவது கையில் தெரிந்த பிறகு கொஞ்சம். அதோடு நிறுத்தணும். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கறை இருந்தால் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சித்தி இப்போதும் திருவேங்கடத்தில்தான். ஐப்பசி மழை பிடித்தால் மணிக்கட்டு குத்தும். நான் போன் பண்ணினால் முதலில் அதைத்தான் சொல்வாள்.

"ஏலே, ஒன் போல்ட்டு வலிக்குதுல."