மாமாவின் துப்பாக்கி

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் முதலமடை என்றொரு சிறு நிலையம் உண்டு. பேராலமரங்கள் அதன் மேடைக்கு நிழல் விரித்து நிற்கும். மீட்டர் பாதையாயிருந்த அவ்வழியை அகலப் பாதையாக்கி 2015 ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர். ரயில்வே எழுத்தனுக்கு எவ்வூரிலும் முதலிற் கண்ணிற் படுவது தண்டவாளமே, அன்பர்கள் பொறுத்தருள்க.

சென்ற விடுமுறையில் மும்பையிலிருந்து குடும்பத்துடன் அந்நிலையத்தில் வந்திறங்கினேன். என் தாய்மாமனின் தோட்டம் அங்கிருந்து தெற்கே, மலையடிவாரத்தில் உள்ளது. மாவும் தென்னையும் ஊடே நிலக்கடலையுமாக இருக்கும் அந்நிலத்தைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் ஏர் உழுததுபோல் புரட்டிவிடுகின்றன.

மாமாவிடம் உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. கேரள அரசு 2022 ஆம் ஆண்டில், பயிரழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் உடையோரே சுடலாம். இறந்த விலங்கைப் புதைத்துவிட வேண்டும், இறைச்சியைத் தொடலாகாது. அப்பட்டியலில் மாமாவும் இடம் பெற்றார். ஆயினும் அவருக்கு வயது அறுபத்து நான்கு. வலத்தோள் ஒருமுறை முறிந்து கூடியது. துப்பாக்கியின் உதையை நினைத்தாலே விசையை இழுக்கும் முன் கண்ணை மூடிக்கொள்வார். கடந்த ஆண்டு அவ்வாறு சுட்டதில் பன்றி காயத்தோடு ஓடிப் புதரில் படுத்தது. விடியலில் அவ்வழியே சென்ற வேலையாள் ஒருவரின் தொடையைக் கிழித்துவிட்டது. அவர் பிழைத்தார். மாமாவோ துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“பயிர் போனாற் போகட்டும் மாப்பிள்ளை, இன்னொரு குடும்பத்தின் கண்ணீர் எனக்கு வேண்டாம்” என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை; வங்கிக் கடன் சீட்டை மட்டும் என் கையிற் கொடுத்தார்.

மறையூரில் மாமாவுக்கு ஒரு நண்பர் உண்டு. சிறு பிராயத்தில் மூணாற்றுத் தேயிலைத் துரைமாரின் வேட்டைக்குத் துப்பாக்கி சுமந்தவர். உடுமலைப்பேட்டையில் பேருந்து ஏறிச் சின்னாற்றுக் காட்டைக் கடந்து அவரிடம் சென்றோம். மறுநாள் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு இரவிகுளம் வரை போனோம். துரைமார் வரையாடு வேட்டையாடிய மலை அது. 1975 இல் சரணாலயமாயிற்று, 1978 இல் தேசியப் பூங்காவாயிற்று. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு நெருங்கிவிட்டது. வரையாடுகள் இன்று மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. என் மகன் அருகில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். (மூணாற்றில் ஒருகாலத்தில் ரயிலும் ஓடிற்று, 1924 ஆம் ஆண்டு வெள்ளம் அதனை அழித்தது. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

பெரியவர் மாமாவைத் துப்பாக்கியேந்தி நிற்கச் சொல்லிப் பார்த்தார். “பெரிய தோட்டாவால் பன்றி விழாது, ஐயா, சரியான இடத்தில் பட்டால் விழும். கார்பெட் துரை ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926 இல் வீழ்த்தியது .275 ரிக்பி என்ற சிறு துப்பாக்கியால்தானே! உதைக்காத துப்பாக்கியே குறி தவறாத துப்பாக்கி” என்றார்.

ஊர் திரும்பியபின், அனுமதி பெற்று, மாமா ரைஃபிள் வாங்கத் துணிந்தார். கோவையில் ஒரு வணிகர் .30-06 வகையைப் புகழ்ந்தார். அதன் உதை மிகுதி. இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ரைஃபிளைத் தேர்ந்தோம். ஒரே தோட்டாவாயினும் இலேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும், கனத்தது குறைவாக உதைக்கும். ஆதலின் எடை குறைந்ததைத் தேடுவது பேதைமை.

அதன் பின்கட்டை மாமாவின் கைக்கு அரை அங்குலம் நீளமாயிருந்தது. முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால் சுட்டுவிரலின் முதற்கணு விசையில் படவேண்டும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒன்றரை அங்குலம் அறுத்து, ஓர் அங்குலத் தடிப்புள்ள ரப்பர் மெத்தையைப் பொருத்தினார். கட்டைக்கும் தோளுக்கும் இடைவெளி விட்டால் உதை அடியாக மாறும். இறுக்கிப் பிடித்தால் வெறும் தள்ளலே.

சுடுதளத்தில் மணல்மூட்டை மேல் வைத்து 50 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டோம். குண்டுகள் வலப்புறம் விழுந்தன. முன்குறியை வலத்தே நகர்த்தியபின் நடுவே கூடின. பிறகு நான் மாமா அறியாமல் சிலமுறை வெற்றுத் தோட்டாவை இட்டுக் கொடுத்தேன். வெடிக்காதபோதும் குழல்முனை துள்ளிற்று. அவருக்கு நகைப்பும் நாணமும் ஒருங்கே வந்தன. மூன்றாம் நாள் துள்ளல் நின்றது.

ரைஃபிள் குண்டு வெகுதொலைவு பாயும். எனவே தோட்டத்தில் பரண் கட்டி, கீழ்நோக்கியே சுடுவதென்று முடிவாயிற்று. நான் ரயில் ஏறும் நாள்வரை பன்றி வரவில்லை. பத்து நாள் கழித்து மாமா தொலைபேசியில் அழைத்தார். முதலிரவு பன்றிக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டத்து விளக்கு தெரிந்ததாம், சுடவில்லை. மறுநாள் இரவு ஒரே குண்டு. வனத்துறையார் வந்து பார்த்தபின் புதைத்தார்கள்.

“தோள் வலிக்கிறதா மாமா?” என்றேன்.

“இல்லை மாப்பிள்ளை. இந்த ரப்பர் மெத்தை கொஞ்சம் கெட்டியாகிறது. பம்பாயில் நல்லது கிடைத்தால் அனுப்பு” என்றார்.