கடைமடை எலும்பு

ஆகஸ்ட் 4, 2024 - ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுகிற நாள். பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கும் மாமா பூஜை முடிந்து வீட்டுக்கு வந்தவர், அட்டை கோணலாகிப்போன டைரி ஒன்றை என் மடியில் போட்டார். "சும்மாதான உக்காந்திருக்க, எதையாச்சும் எழுது."

சும்மா உட்கார வைத்தது வலது பாதம். ஜூனில் காலேஜ் திறந்ததிலிருந்தே வெளிப்பக்கம் ஒரு வலி இருந்தது. ஓடத் தொடங்கும்போது குத்தும், உடம்பு சூடானால் மறையும், ஹாஸ்டலில் ராத்திரி படுத்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை பாஸ்கெட்பால் பிராக்டிஸில் ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கினேன். உள்ளே என்னமோ விட்டுப்போனது.

இன்று காலையில் அம்மா சுளுக்கு எடுக்கும் தாத்தாவிடம் கூட்டிப் போனாள். நல்லெண்ணெய் ஊற்றி உருவினார். உளுந்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்து அப்பித் துணியைச் சுற்றினார். "நரம்பு பிசகிருக்கு தாயி. மூணு கட்டு போட்டா ஓடிரலாம்." காசு கேட்கவில்லை. அம்மா வெற்றிலையில் வைத்துக் கொடுத்ததை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டார். இப்போது கட்டு காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. எறும்பு வருகிறது.

ஆகஸ்ட் 11 - ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் பாஸ்கெட்பால் இறுதி ஆட்டம். மாமா பையன் போனில், நெட் விட்டு விட்டு வந்தது. அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. கடைசி நொடியில் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. மூன்று பாயின்ட் என்றால் ஓவர்டைம். ஆனால் அவர் கால் கோட்டை மிதித்திருந்தது, அதனால் இரண்டுதான். அமெரிக்காவுக்குத் தொடர்ந்து எட்டாவது தங்கம்.

மாமா பையன் அமெரிக்கா கட்சி, குதித்தான். நான் அந்தக் காலைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஷூ நுனிதான்!

மூன்றாவது கட்டு முடிந்தது. ஓட முடியவில்லை.

ஆகஸ்ட் 14 - புதன்

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. சுண்டுவிரலிலிருந்து பின்னால் போகும் நீள எலும்பு, ஐந்தாவது மெட்டாடார்சல். அதன் அடிப்பக்கத்தில் தலைமுடி ஒட்டிய மாதிரி ஒரு கோடு. ஜோன்ஸ் ஃபிராக்சராம். ராபர்ட் ஜோன்ஸ் என்று லிவர்பூலில் ஒரு டாக்டர், நடனம் ஆடும்போது தன் பாதத்திலேயே இதை உடைத்துக்கொண்டு 1902இல் கட்டுரை எழுதினார் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆறு வாரம் மாவுக்கட்டு, கால் தரையில் படக்கூடாது என்று சொல்லும்போது சிரிப்பு இல்லை.

"சின்ன எலும்புதான சார்" என்றாள் அம்மா.

"சின்னதுதாம்மா. ஆனா இந்த இடத்துக்கு ரத்தம் சரியா வராது. ரெண்டு பக்கத்துலருந்தும் வர்ற குழாய் இங்க வரும்போது மெலிஞ்சிரும். அதான் சேர நாளாகும், சில நேரம் சேராமலே போகும்."

அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் கண்மாய் நிறைந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மாவுக்கட்டு போட வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எதிர் பெஞ்சில் ஒரு அக்கா. இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைத் துணி. கூட வந்த பெண் பன்னை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எந்த ஆபீஸ் என்று அம்மா கேட்டாள், அவள் ஊர்ப் பேரைச் சொன்னாள், அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. இந்த வருஷம் பிப்ரவரியில் வெம்பக்கோட்டை பக்கம், மே மாதம் செங்கமலப்பட்டி என்று பட்டாசு ஆபீஸ்களில் இரண்டு பெரிய விபத்து. இங்கே ஆஸ்பத்திரி வராண்டாவில் எந்த ஆபீஸ் என்று கேட்டால் போதும், மீதி புரிந்துவிடும்.

வீட்டுக்கு வரும் வழியில், "பாத்தேல்ல, உனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. பார்த்தேன். அந்தக் கைகள் கண்ணிலேயே நிற்கின்றன. என் கால் வலி ஒரு பொட்டுக் குறையவில்லை.

ஆகஸ்ட் 25 - ஞாயிறு

படுத்துக்கொண்டு கால் உடைந்தவர்கள் கதையாகத் தேடிப் படிக்கிறேன். கெவின் டியூரண்டுக்கு 2014 அக்டோபரில் இதே எலும்பு, இதே இடம். ஸ்க்ரூ வைத்தார்கள். சீக்கிரம் இறங்கி ஆடினார். பிப்ரவரியில் ஸ்க்ரூவை மாற்றினார்கள், மார்ச்சில் எலும்பு எடுத்து வைத்துத் தைத்தார்கள். அந்த சீசன் முழுக்க அவர் ஆடியது 27 ஆட்டம். அதே ஆள்தான் இந்த மாதம் பாரிஸில் நான்காவது தங்கம் வாங்கினார்.

பில் வால்டன் கதை வேறு. 1978இல் அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த வீரர். கால் வலியோடு மரத்துப்போகும் ஊசி போட்டு இறக்கினார்கள், பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் பாத எலும்பு உடைந்திருந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அதற்குப் பிறகும் பாதம் அவரை விட்டபாடில்லை. இந்த மே மாதம்தான் காலமானார். சீனாவின் யாவ் மிங் இடது பாதத்தோடு மல்லுக்கட்டி 2011இல் 30 வயதில் ஓய்வு பெற்றார்.

ஊசி போட்டவர்களும் கெட்டவர்கள் இல்லை என்றுதான் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரு மேட்ச் இருந்தது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 9 - திங்கள்

விருதுநகர், ஹாஸ்டல். கக்கத்துக் கட்டையோடு மாடிப்படி ஏறுவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

ஃபீஸ் சலுகை ஆடுகிறவர்களுக்குத்தான் என்று ஆபீஸ் ரூமில் நினைவுபடுத்தினார்கள். கோபமாக இல்லை, ரசீது கிழிக்கிற குரலில். அதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக டீமில் வந்தால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கான 3 சதவீதத்துக்கு முட்டிப் பார்க்கலாம். ஜட்டி பனியன் கடையில் கணக்கு எழுதுவதற்கு பி.காம். போதும். நான் நினைத்தது அது இல்லை.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய்த் திண்டில் உட்கார்ந்தேன். எங்கள் கோர்ட் சிமெண்டுத் தரை, தமிழ்நாட்டில் நிறையப் பிள்ளைகள் ஆடுவது இதில்தான். குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் தரை எதையும் வாங்கிக்கொள்ளாது, எலும்புதான் வாங்க வேண்டும். என் ஷூவை ஃபர்ஸ்ட் இயர் பிள்ளை ஒருத்தி போட்டிருந்தாள். வலது ஷூவின் வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்து கிடப்பது இங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டுக் காட்டி, இதைப் போடாதே என்றேன். "வேற இல்லக்கா" என்றாள்.

செப்டம்பர் 28 - சனி

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். கெண்டைக்கால் ஒட்டிப்போய், தோல் உரிந்து, யாரோ ஒருத்தியின் கால் மாதிரி இருந்தது. அழுத்தினால் வலியே இல்லை. குதிக்கலாம் போல இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பாதிதான் சேர்ந்திருக்கு, வலி போனதை வைத்து எலும்பு சேர்ந்ததாக நினைக்காதே என்றார். கெட்டியான பூட்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டு மெதுவாக நடக்க மட்டும் அனுமதி.

இன்று ராத்திரி கோச் மேடம் போன் செய்தார்கள். அடுத்த சனி காலேஜ்களுக்கு இடையிலான ஆட்டம். அம்மாதான் எடுத்தாள். வாரச் சம்பளம் வாங்கி வந்து எண்ணிக்கொண்டிருந்தவள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"கட்டு பிரிச்சாச்சுல்லம்மா? டேப் சுத்திப் பாதி மேட்ச் மட்டும் ஆடட்டும். செலக்‌ஷனுக்கு ஆள் வர்றாங்க. அவளுக்காகத்தான் கேக்குறேன்."

அவர்கள் சொன்னது உண்மை. எனக்காகத்தான் கேட்டார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, சரி சொல்லிவிடு, சரி சொல்லிவிடு என்று. இதே அம்மாதான் ஜூலையில், வலியைப் பார்த்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டவள். 2018இல் சுப்ரீம் கோர்ட் சரவெடியைத் தடை செய்யும் வரை சரம் பின்னியே விரல் கோணிப்போனவள். இப்போது புஸ்வாணம். நாலு வாசல் வைத்த ரூமில் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். தீபாவளி நெருங்க நெருங்க அந்த நாலு எத்தனை ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"மேடம், எங்க ஆபீஸெல்லாம் வெடிக்கிறது பெரும்பாலும் அவசரத்துலதான். நிதானமா வேலை பாக்குறப்ப வெடிக்காத மருந்து அவசரப்பட்டா வெடிக்குது. புள்ளைய அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்கிறாதீக."

போனை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இதை எழுதும்போதும் போகவில்லை.

அக்டோபர் 5 - சனி

மேடம் கோபிக்கவில்லை. ஸ்கோர் டேபிளில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஸ்கோர்ஷீட் எழுதுவது இவ்வளவு வேலை என்று இதுவரை எனக்குத் தெரியாது. முதல், மூன்றாவது குவார்ட்டருக்குச் சிவப்புப் பேனா, மற்றதற்கு நீலம். இரண்டு பாயின்டுக்கு எண் மேல் சாய்கோடு, மூன்று பாயின்ட் என்றால் அடித்தவள் நம்பரைச் சுற்றி வட்டம், ஃப்ரீ த்ரோவுக்குக் கரும்புள்ளி. ஒரு குவார்ட்டரில் டீமுக்கு நாலு ஃபவுல் ஆனால் அடுத்ததிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நிமிரவே நேரம் இல்லை. கடைசிக் குவார்ட்டரில் எதிர் டீம் கோச் வந்து ஐந்தாவது ஃபவுலை நான் கூட்டி எழுதிவிட்டேன் என்று மேஜையைத் தட்டினார். விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரெஃப்ரி குனிந்து பார்த்துவிட்டு, "பாப்பா எழுதுனது சரி சார்" என்றார்.

தோற்றோம். என் ஷூவைப் போட்டவள் பதினொரு பாயின்ட். இடது கையால் லே-அப் போடுகிறாள், கிராதகி. நான் அதைப் பழகியதே இல்லை.

அக்டோபர் 31 - வியாழன்

தீபாவளி. ஊரே புகை. அம்மா நாள் முழுக்கத் தூங்கினாள்.

நவம்பர் 4 - திங்கள்

கோடு இன்னும் இருக்கிறது. டாக்டர் இனி காத்திருந்து பயனில்லை, ஸ்க்ரூ வைத்துவிடலாம் என்கிறார். டியூரண்டைச் சொன்னேன். "அவரு அவசரப்பட்டாரு. நீ மார்ச் வரைக்கும் பந்தைத் தொடாம இருப்பியா?" இருப்பேன் என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யலாம், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அதில் சிக்கல் இல்லை. நாளை வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்குப் போக வேண்டும், ரேஷன் கார்டு, ஆதார் இரண்டும் ஜெராக்ஸ். ஆபீஸ் திறக்க இன்னும் நாளாகும் என்பதால் அம்மா கூட வருகிறாள். போனஸில் புது ஷூ வாங்கலாம் என்றாள். எனக்கு இப்போது வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு என்ன சைஸ் என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதெல்லாம் முடியாது என்று முறைத்தாள். ராத்திரி மறுபடி பேசிப் பார்க்க வேண்டும்.

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை 12ஆம் தேதி. ஒரு பாடமும் திறக்கவில்லை.